மலைக்கும் கடலுக்கும் ரயில் ஏற்றதா?



கரடுமுரடான மலைகளிலும், கடல் சூழ்ந்த தீவுகளிலும், நகரங்களுக்கு எட்டாத தொலைவிடங்களிலும் பிரயாணி ரயில்களை ஓட்டுவது நடைமுறைக்கு ஒத்த காரியந்தானா? இந்தக் கேள்வியையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். ஏதேனும் ஓர் ஊரார், ‘எங்கள் ஊருக்கும் ரயில் வேண்டும்’ என்று மனுக் கொடுக்கும்போதெல்லாம் இக்கேள்வி எழுகின்றது. அப்போது இரண்டு விதமான விடைகள் கிடைக்கின்றன. ‘இக்காலத்துப் பொறியியல் வல்லுநர்களால் ஆகாதது என்ன இருக்கிறது? மலையைக் குடைந்தாவது பாதை போடலாம்’ என்பார் ஒரு சாரார். ‘ஏறுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் ரயில் எதற்கு? வரவு எட்டணா, செலவு பத்தணா என்று முடியும்’ என்பார் மற்றொரு சாரார். முதல் விடை பொறியியலை மட்டும் பார்க்கின்றது. இரண்டாவது விடை கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்க்கின்றது. நம் நாட்டிலும் அண்டை நாட்டிலும் இதற்கு முன் நடந்தவற்றைப் பார்த்தால், இவ்விரண்டினும் தெளிவான விடை ஒன்று கிடைக்கும்.

முதலில் ரயிலின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். அதற்குச் சைதாப்பேட்டை நிலையமே போதும். மாம்பலத்துக்கும் கிண்டிக்கும் இடையிலே உள்ள இந்த நிலையத்தில் தரை சமமானது. குறுக்கிடுவது அடையாறு ஒன்றே. அதற்கு ஒரு பாலம் போதும். 1931 ஆம் ஆண்டிலேயே இவ்வழியில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. அலுவலகம் செல்வோர், கல்லூரி செல்வோர், கூடை சுமப்போர் என்று காலை முதல் இரவு வரை கூட்டத்துக்குக் குறைவில்லை. சமதரை, இடைவிடாத கூட்டம் என்ற இரண்டும் வாய்த்த இடத்தில் ரயிலுக்கு நிகரான ஊர்தி வேறில்லை.

ஏன் அப்படி? எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருள்கின்றது. இரண்டும் வழவழப்பானவை. ஆகவே சமதரையில் ஒரு டன் எடையை இழுப்பதற்கு மூன்று அல்லது நான்கு கிலோகிராம் அளவுள்ள இழுவிசையே போதும். அதே ஒரு டன்னை ரப்பர்ச் சக்கரத்தில் ஏற்றித் தார்ச்சாலையில் இழுக்க, அதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாத விசை வேண்டும். ரயிலின் சிக்கனம் முழுவதும் இந்த வழவழப்பிலேதான் அடங்கியிருக்கின்றது.

ஆனால் மேட்டில் ஏறும்போது நிலைமை மாறுகின்றது. நூறு அடி போனால் ஓர் அடி உயரும் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்து போகிறவர் அதை மேடு என்றே உணரமாட்டார். ஆனால் அங்கே ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாகப் பத்துக் கிலோகிராம் விசை தேவைப்படுகின்றது. என்ஜினின் பாரம் மூன்று நான்கு மடங்காகி விடுகின்றது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் மலைச்சரிவிலோ ஒவ்வொரு டன்னுக்கும் எண்பத்து மூன்று கிலோகிராம் விசை வேண்டும். அவ்வளவு விசையை என்ஜின் உண்டாக்கினாலும், மழையில் நனைந்து இலை படிந்த தண்டவாளத்தில் சக்கரம் பிடிப்பின்றி நின்ற இடத்திலேயே சுழலும். சமதரையில் ரயிலுக்கு நன்மை செய்த வழவழப்பே மலையில் தடையாகின்றது.

இந்தத் தடையை வெல்ல மூன்று உபாயங்கள் கண்டிருக்கிறார்கள். மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதையை நீளமாக்கிச் சரிவைக் குறைப்பது ஒன்று. 1881 இல் டார்ஜிலிங்குக்கு இரண்டடி அகலப் பாதையை இவ்வாறுதான் வளையங்களும் முன்னும் பின்னுமாகச் செல்லும் திருப்பங்களும் வைத்து ஏற்றினார்கள். மலையைக் குடைந்தும் பள்ளத்தைப் பாலத்தால் தாண்டியும் நேராகச் செல்வது இரண்டாவது. தண்டவாளத்துக்குப் பல் வைத்து, அதைப் பற்றிக்கொண்டு ஏறுவது மூன்றாவது. இந்த மூன்றாவது உபாயத்தை இந்தியாவில் காண வேண்டுமானால் நீங்கள் மேட்டுப்பாளையத்துக்குத்தான் போகவேண்டும்.

நீலகிரிக்கு ரயில் அமைக்கும் யோசனை 1854 ஆம் ஆண்டிலேயே எழுந்தது. சுவிட்சர்லாந்தில் ரிகி மலைக்குப் பல்தண்டவாள ரயில் அமைத்துப் புகழ்பெற்ற நிக்கலாஸ் ரிக்கன்பாக் என்ற பொறியாளரையும் வரவழைத்து ஆலோசனை கேட்டார்கள். வேலை 1891 இல் தொடங்கிற்று. குன்னூர் வரை 1899 இல் வண்டி ஓடிற்று. உதகமண்டலம் வரை 1908 இல் முடிவுற்றது. யோசனை தோன்றியதற்கும் வேலை முடிந்ததற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது. மலைப் பாதைகளின் முதல் இயல்பு இந்தக் காலதாமதமே.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகை 2,203 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடைத்தூரம் 46 கிலோமீட்டர். கல்லாறு வரை பாதை சாதாரணப் பாதைதான். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குள், வண்டி 1,300 மீட்டர் ஏறியாக வேண்டும். அங்கேதான் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவு வருகின்றது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டு பற்சட்டங்கள் அடுத்தடுத்துப் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் இடைவெளி இருக்கும். ஆகையால் என்ஜினின் பற்சக்கரம் ஏதேனும் ஒரு பல்லை எப்போதும் பற்றியே இருக்கின்றது. ஏறும்போது என்ஜின் வண்டியை முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகின்றது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் ஓடிவிடாமல் என்ஜின் தாங்கிக்கொள்ளும். இது தவிரப் பெட்டிகள்தோறும் பிரேக் பிடிக்கும் ஊழியர்கள் நிற்கிறார்கள். 208 வளைவுகள், 16 சுரங்கவழிகள், 250 பாலங்கள் என்று கணக்கிடப்பட்ட இந்தப் பாதையை, 2005 இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இந்தப் பெருமைக்கெல்லாம் கொடுக்கும் விலையையும் கூறவேண்டும். பற்சட்டம் உள்ள பகுதியில் வண்டியின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. உதகை போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகின்றது. அதே ஊருக்கு மலைச்சாலையில் பஸ் அதில் பாதி நேரத்துக்குள் போய்விடுகின்றது. ஐப்பசி கார்த்திகை மாதங்களில் மழை வலுத்தால் மண்ணும் பாறையும் சரிந்து பாதையை மூடுகின்றன; நாட்கணக்கில், சில ஆண்டுகளில் வாரக்கணக்கில், வண்டி நின்றுபோகின்றது. ஆகவே கூலி வேலைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் நீலகிரி மக்கள் மேட்டுப்பாளையம் இறங்க ரயிலை நம்பியிருப்பதில்லை, பஸ்ஸையே நாடுகிறார்கள். குன்னூருக்கு மேலே சரிவு தணிகின்றது, பற்சட்டம் தேவையில்லை. ஆகவே குன்னூருக்கும் உதகைக்கும் இடையே மட்டும் நாளுக்குப் பல தடவை வண்டி ஓட்ட முடிகின்றது.

அப்படியானால் நீலகிரி ரயில் வீண் முயற்சியா? அன்று. அது அமைந்த காலத்தில் அதற்குப் போட்டி மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே. அவற்றோடு ஒப்பிட்டால் ஐந்து மணி நேரம் என்பது விரைவு. மோட்டார் வண்டி வந்தபின் ஒப்பீடு மாறிற்று. எனவே, ஓரிடத்துக்கு ரயில் ஏற்றதா என்று கேட்கும்போது, அந்த ரயில் இல்லாவிட்டால் மக்கள் எதில் போவார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

நீலகிரி ரயில் மழையில் நின்றாலும் மீண்டும் எழுந்து ஓடுகின்றது. அவ்வாறு எழாமற் போன மலை ரயில் ஒன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. அது மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். அங்கே 1902 இல் ஒற்றைத் தண்டவாளத்தில் எருதுகள் இழுக்கும் வண்டிகளை விட்டார்கள். 1908 இல் அதை இரண்டடி அகலப் பாதையாக மாற்றி என்ஜின் ஓட்டினார்கள். தேயிலைப் பெட்டிகள் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் என்ற மலைவிளிம்பு வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தன. 1924 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பெய்த பெருமழையில் வெள்ளம் அந்தப் பாதையை அழித்துவிட்டது. யாரும் அதை மறுபடி அமைக்கவில்லை. அது முக்கியமாக ஒரு சரக்குக்காகப் பிறந்த பாதை. அந்தச் சரக்கைக் கொண்டுபோகச் சாலை கிடைத்ததும், மீண்டும் செலவிட யாருக்கும் காரணம் இருக்கவில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் இன்றும் அங்கே நிலைத்திருக்கின்றது.

இனி மலையிலிருந்து கடலுக்கு வருவோம். முற்காலத்தில் சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட ‘போட் மெயில்’ என்ற வண்டி இதே சைதாப்பேட்டையைக் கடந்துதான் தெற்கே சென்றது. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் அது கடலைத் தாண்டித் தனுஷ்கோடி வரை போயிற்று. அங்கே கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னார். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அப்பாலம், கப்பல் வரும்போது நடுக்கண் இரண்டாகப் பிளந்து உயரும்படி அமைந்தது. உப்புக் காற்று இரும்பை அரிக்கும் இடம் அது; புயல்கள் வழக்கமாக வரும் இடமும் அதுவே.

1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு பெரும் புயல் தாக்கிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பிரயாணி வண்டி ஊரை அடையுமுன் கடல் அலை அதன்மேல் புரண்டது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பன் பாலத்தின் நூற்றுக்கு மேற்பட்ட கண்களின் உத்திரங்களைக் கடல் கொண்டுபோயிற்று.

அதன்பின் நடந்ததே நாம் கவனிக்கத்தக்கது. பாம்பன் பாலத்தைச் செப்பனிட ஆறு மாதம் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, கடலில் விழுந்த உத்திரங்களை மீட்டெடுத்து, 46 நாட்களில் வண்டி ஓடச் செய்தார். ஆனால் தனுஷ்கோடிக்குச் சென்ற பாதையில் அன்று நின்ற வண்டி மீண்டும் ஓடவேயில்லை. அதே புயல், அதே இரவு, அதே ரயில்வே. ஒரு பாதை ஒன்றரை மாதத்தில் உயிர்பெற்றது, மற்றொன்று மாண்டது. காரணம் என்ன? இராமேசுவரத்தில் ஊர் இருந்தது, கோயில் இருந்தது, நாடு முழுவதிலிருந்தும் யாத்திரிகர் வந்துகொண்டிருந்தனர், தீவுக்குச் சாலைப் பாலம் அப்போது இல்லை, 1988 இல்தான் அது திறக்கப்பட்டது. ஆகவே ரயிலைத் தவிர வேறு கதியில்லை. தனுஷ்கோடியிலோ போய்ச் சேர ஊரே இல்லாமற் போயிற்று. இலங்கைக் கப்பலும் இராமேசுவரத்திலிருந்தே புறப்படலாயிற்று. 1980 களின் தொடக்கத்தில் அதுவும் நின்றது.

பாம்பனின் கதை அத்துடன் முடியவில்லை. அரிப்பினால் நலிந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 ஆம் நாள் அதன் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுக்கண் பிளவுபடாமல் நேராக மேலே எழும்புகின்றது. சாலைப் பாலம் இருக்கும்போதும் ரயிலுக்குப் புதுப் பாலம் கட்டினார்கள். நெடுந்தூரத்திலிருந்து பெருந்திரளாக வரும் மக்களுக்கு ரயிலே ஏற்றது என்பதற்கு இது சான்றாகும்.

இங்கே ஓர் உண்மை புலப்படுகின்றது. முட்டுச் சந்து போல மலையுச்சியிலோ கடல் முனையிலோ சென்று முடியும் பாதை நிலைப்பது அரிது. நிறைய மக்கள் வாழும் இரண்டு பக்கங்களை இணைக்கும் பாதை, இடையிலே உள்ள நிலம் எவ்வளவு கரடுமுரடானாலும், பெரும்பாலும் நிலைத்துவிடுகின்றது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே புனலூருக்குச் செல்லும் பாதை 1904 இல் அமைந்தது. சுரங்கவழியும், பதின்மூன்று கண் பாலமும் கொண்ட மலைப்பாதை அது. 2010 இல் அகலப் பாதையாக்க மூடப்பட்டு, 2018 இல் மீண்டும் திறக்கப்பட்டது. செலவும் தாமதமும் மிகுந்தன. ஆயினும் கைவிடவேண்டும் என்று எவரும் துணியவில்லை. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இணைக்கும் வழி அல்லவா அது!

மேற்குக் கரையோரத்துக் கொங்கண் ரயிலும் அத்தகையதே. 740 கிலோமீட்டர் நீளமும் தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கவழிகளும் உடைய அப்பாதை, பாம்பனை மீட்ட அதே ஸ்ரீதரன் தலைமையில் உருவாகி, 1998 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 2003 இலும் 2004 இலும் மழைக்காலத்தில் பாறை சரிந்து அங்கே வண்டிகள் தடம்புரண்டு உயிர்கள் பலியாயின. அதன்பின் மலைச்சரிவுகளைச் செதுக்கிச் சீர்செய்தார்கள். வலைகளால் பாறைகளைப் பிணித்தார்கள். மழைக்காலத்தில் வண்டிகளைக் குறைந்த வேகத்தில் ஓட்டுவதற்குத் தனிக் கால அட்டவணையே வெளியிடப்படுகின்றது. கேங்மேன் என்று நாம் அழைக்கும் பாதைத் தொழிலாளர் கொட்டும் மழையில் கையில் விளக்குடன் பாதை நெடுக நடந்து பார்க்கிறார்கள். கரடுமுரடான நிலத்தில் ரயில் ஓடுவது பெரும்பாலும் இவர்களுடைய கால்களை நம்பித்தான்.

வடக்கே காசுமீரத்தைப் பாருங்கள். உதம்பூரிலிருந்து பாரமுல்லா வரை 272 கிலோமீட்டர்ப் பாதை பல்லாண்டு உழைப்புக்குப் பின் 2025 ஜூன் மாதம் முழுமை பெற்றது. அதில் செனாப் ஆற்றின்மேல் 359 மீட்டர் உயரத்தில் ஒரு வளைவுப் பாலம் நிற்கின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் நிலச்சரிவால் ஸ்ரீநகர் நெடுஞ்சாலை அடைபட்டு, ஆப்பிள் ஏற்றிய லாரிகள் வழியிலே தேங்கி நின்றன. அப்போது பள்ளத்தாக்கின் ஆப்பிள் பெட்டிகள் ரயிலேறித் தில்லி சென்றன. சாலை அடைபடும் காலத்தில் மற்றொரு வழி இருப்பதன் மதிப்பை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

இலங்கையின் மலையகம் இன்னொரு பாடம் கற்பிக்கின்றது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867 இலும், நானுஓயாவுக்கு 1885 இலும், பதுளைக்கு 1924 இலும் ரயில் சென்றடைந்தது. ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் வரை, பற்சட்டம் ஏதுமின்றி, அகலப் பாதையே ஏறிச் செல்கின்றது. காப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் போட்ட பாதைதான். ஆயினும் தோட்டங்களுக்கு அருகிலேயே சிறுசிறு நிலையங்கள் அமைந்தமையால், அங்கு வாழும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் பிள்ளைகளும் அதில் போய்வருகிறார்கள். குண்டளை ரயில் தேயிலையோடு முடிந்தது. பதுளை ரயிலில் தேயிலைக்குப் பிறகும் மக்கள் ஏறினார்கள். மலைப்பாதை மக்களுக்குப் பயன்படுவது நிலையம் எங்கே அமைகின்றது என்பதைப் பொறுத்திருக்கின்றது.

இவ்வளவும் கண்டபின் நம் கேள்விக்கு விடை கூறலாம். ரயில் கேட்கும் ஒவ்வோர் ஊரையும் மூன்று கேள்விகளால் சோதிக்கவேண்டும். முதலாவது: அந்தப் பாதை இருபக்கத்து மக்களை இணைக்கின்றதா, அல்லது ஒரு மூலையில் சென்று முடிகின்றதா? இரண்டாவது: ஆண்டு முழுவதும் ஏறுவதற்கு மக்கள் உண்டா? நிலையம் அவர்கள் நடந்துசென்று எட்டும் தூரத்தில் இருக்குமா? மூன்றாவது: மழையோ புயலோ பாதையை அழித்த மறுநாள், அதைச் செப்பனிட ஆளும் பணமும் மனமும் இருக்குமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை வந்தால், நிலம் எவ்வளவு கடினமாயினும் ரயில் நடைமுறைக்கு ஏற்றதே. அவற்றுள் மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று வந்தால், மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.

விடை ‘இல்லை’ என்றால் மலைவாழ் மக்களை மறந்துவிடலாம் என்பது பொருளன்று. இந்த இடத்தில்தான் கணக்குப் பார்ப்போர் பெரும்பாலும் தவறுகிறார்கள். ரயில் கட்டாது என்று சொல்லிவிட்டு, நல்ல சாலையையும் நேரந்தவறாத பஸ்ஸையும் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். ரயிலை மலையடிவாரம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து பஸ்ஸை மேலே அனுப்புவது ஒரு நல்ல ஏற்பாடு. போடிநாயக்கனூர்ப் பாதை 1928 இல் அவ்வாறு அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்தார்கள். பின்னர் மீண்டும் போட்டார்கள். 2010 இன் இறுதியில் அகலப் பாதைக்காக மூடப்பட்ட அது, 2023 இல்தான் திறக்கப்பட்டது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மதுரைக்குப் படிக்கவும் மருத்துவம் பார்க்கவும் சென்றவர்களுக்கு ரயில் இல்லை என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு பாதையை மூடுவது ஒரு கையெழுத்தில் முடியும். திறப்பதற்கு ஒரு தலைமுறை மாணவர்கள் படித்து முடித்துவிடுகிறார்கள்.

நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளர்களாகப் பாதை வகுப்பீர்கள். சிலர் அலுவலர்களாக அதற்குப் பணம் ஒதுக்குவீர்கள். பலர் உங்கள் ஊருக்காக மனுவில் கையெழுத்திடுவீர்கள். பாலம் திறக்கும் நாளில் கூட்டம் தானே கூடும். பத்தாவது ஆண்டு மழையில் அந்தப் பாதையைக் காக்கப் போவது யார் என்று இப்பொழுதே கேட்டுவிடுங்கள். அதற்கு விடை கிடைக்கும் இடமெல்லாம் ரயில் செல்லலாம்.